நடுகல்லில் எழுத்தை மட்டும் படித்தால் போதுமா?

தென்பெண்ணை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை வரலாறு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு நடுகற்களை எடுத்திருக்கிறேன். திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்தான் களம்.

எனக்குள்ள சிக்கல் இது. நடுகல் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் கல்வெட்டு வாசகம்தான் முதலில் வருகிறது. எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தச் சிற்றரசன், எந்த ஊர். உருவத்துக்கு ஒரே வரி: "வலக்கையில் குறுவாள், இடக்கையில் வில், உடலில் அம்பு தைத்துள்ளது." அதோடு முடிந்துவிடுகிறது. அரச வம்ச வரலாற்றுக்கு அது போதும். நான் தேடுவது வேறு. அந்தக் கல்லை நட்ட மனிதர்கள் எதைப் பெரிதாக நினைத்தார்கள், யாரை மதித்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள்? ஒரு கலைப்பொருளைக் கொண்டு இவ்வளவு தூரம் போக முடியும் என்று நான் நம்புகிறேன். ஆனால் உடன் படிக்கும் நண்பர் ஒருவர், "கல்லில் இல்லாததை எல்லாம் நீ கல்மேல் ஏற்றுகிறாய்" என்கிறார்.

உருவத்தை எப்படிப் படிப்பது, எங்கே நிறுத்திக்கொள்வது? களத்தில் இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

மைப்படி எழுதியது:

வாங்க தங்கச்சி, நல்ல கேள்வி. எழுத்தையும் உருவத்தையும் பிரித்துப் பார்ப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது. ஒரு கல்லை எடுத்து நிதானமாகப் பார்ப்போம்.

எடுத்தனூர் கல். உங்கள் களத்துக்குள்ளேயே இருப்பது, திருவண்ணாமலை மாவட்டம். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு என்று தொடங்குகிறது. அடுத்து வாணகோ அரைசர் வருகிறார். அவருடைய மருமக்கள் பொற்றொக்கையார். அவரிடம் சேவகம் செய்த இளமகன் கருந்தேவக்கத்தி. அவன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான், அதாவது இறந்தான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. கல்லில் வீரனோடு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது.

பேரரசன், வட்டாரத் தலைவன், அவன் உறவினன், உறவினனின் சேவகன், எருமை, நாய். சில வரிக்குள் ஏழாம் நூற்றாண்டின் படிநிலை மேலிருந்து கீழ்வரை இறங்கி வந்துவிடுகிறது. இனி உருவத்துக்கு வாங்க. எழுத்தில் முதலில் நிற்கும் மகேந்திரவர்மன் கல்லில் எங்கே? இல்லை. வாணகோ அரைசர்? இல்லை. பொற்றொக்கையார்? அவரும் இல்லை. இருப்பது சேவகனும் நாயும்தான். எழுத்து மேலிருந்து கீழே வருகிறது, உருவமோ கடைசியில் நின்றவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எழுத்தை மட்டும் படித்திருந்தால் இதைப் பல்லவர் ஆவணம் என்று எழுதி முடித்திருப்போம். உருவத்தோடு சேர்த்துப் பார்த்தால், அந்த ஊருக்குப் பல்லவன் ஆண்டுக் கணக்குக்கு மட்டும் தேவைப்பட்டிருக்கிறான் என்று தெரிகிறது. நன்றி சொல்ல வேண்டிய ஆள் வேறு.

தமிழ்நாடு தொல்லியல் துறை நாகசாமி பதிப்பில் செங்கம் நடுகற்களை 1972இல் வெளியிட்டது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லிலும் எழுத்தில் இருப்பவர் யார், உருவத்தில் இருப்பவர் யார் என்று இரண்டு பத்தி போட்டுப் பாருங்கள். ஆய்வேடு அங்கேயே பாதி எழுந்துவிடும்.

இன்னொன்று. தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டவனுக்கும் கல் இருக்கிறது, தொறு கொள்ளப் போய்ப் பட்டவனுக்கும் கல் இருக்கிறது. மாட்டைக் காத்தவனும் வீரன், மாட்டைக் கவர்ந்தவனும் வீரன். ஆனால் எடுத்தனூரில் வந்தவர்கள் வெறும் "கள்ளர்". யாருக்காகப் போனான் என்பதை வைத்துத்தான் அதற்குப் பெயர் மாறுகிறது. தலைவன் ஏவி நடந்தால் ஆகோள் (மாடு கவர்தல்), தானாக நடந்தால் களவு. இதை எந்த அரசனும் ஆணையாக எழுதி வைக்கவில்லை. கற்களை அடுக்கிப் பார்த்தால் தெரிகிறது.

---

உளியோசை எழுதியது:

நான் சிற்பத் தொழிலில் இருப்பவன், கோயில் வேலை செய்கிறவன். வரலாறு படித்தவனில்லை. கைவேலையை வைத்துச் சொல்கிறேன்.

கோயில் சிலை என்றால் தாளக் கணக்கு உண்டு. முகத்தை ஓர் அளவாக வைத்து உடம்பைப் பிரிப்போம். தேவருக்கு ஒரு கணக்கு, மனிதருக்கு ஒரு கணக்கு. செங்கம் பக்கத்துப் பழைய நடுகற்களில் அந்தக் கணக்கு கிடையாது. தொடை தடித்து, கால் நடக்கிற மாதிரி பக்கவாட்டில் இருக்கும், மார்பு நம்மைப் பார்க்கும். கிடைத்த பலகைக்கல்லைப் பிளந்த வாக்கிலேயே நிறுத்தி, உருவத்தைச் சுற்றியுள்ள தளத்தை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி எடுத்திருக்கிறார்கள். புடைப்பு ரொம்ப மேலோட்டம். பின்பக்கத்தில் உளி படவே இல்லை.

இதைப் பார்த்து "கைத்திறன் குறைவு" என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அசைவைப் பாருங்கள். முன்னங்கால் ஊன்றிப் பின்னங்கால் எழும்புகிற நேரத்தைப் பிடித்திருக்கிறான். அம்பு எந்த இடத்தில் தைத்தது என்பதில் அவன் கவனமாக இருந்திருக்கிறான். கொண்டை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, இடுப்புக் கச்சை எப்படி முடியப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அளவுக் கணக்கில் வேலை செய்கிறவன் அப்படி மாற்ற மாட்டான். செத்தவனைத் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செதுக்கிய வேலை இது என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் பாருங்கள். பல கற்களில் வீரன் காலடியில் ஒரு கெண்டியும் (மூக்குள்ள நீர்ச்செம்பு) ஒரு சிமிழும் இருக்கும். போர்க்களத்தில் கெண்டிக்கு என்ன வேலை? அது களத்துக் காட்சி இல்லை, கல்லை நட்ட பிறகு அவனுக்குச் செய்கிற படையல். அவன் செத்த நேரமும் அவனைக் கும்பிடுகிற நேரமும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டன. சண்டை போடுகிறவன் காலடியிலேயே அவனுக்கு உண்டான தண்ணீர். அந்தக் கல்தச்சன் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

---

நிலவளம் எழுதியது:

//உருவமோ கடைசியில் நின்றவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது//

அழகாக இருக்கிறது மைப்படி ஐயா. ஆனால் எனக்கு இதில் ஒரு அடிப்படைச் சந்தேகம் உண்டு. கல் நட்டவர்களைப் பற்றித்தான் கல் பேசும். நடாதவர்கள்? மரத்தில் நட்டு மக்கிப் போனவை? மண்மேடாகக் கரைந்தவை? மிஞ்சியதை வைத்து ஒரு சமூகத்தையே அளப்பது சரியில்லை.

அடுத்தது பரவல். நடுகற்கள் குவிந்திருப்பது பழைய வட ஆற்காடு, தருமபுரி, கிருஷ்ணகிரி. காவிரிக் கழிமுகத்தில் மிகக் குறைவு. "மேய்ச்சல் நிலத்தார் வீரத்தை மதித்தார்கள், நெல் நிலத்தார் மதிக்கவில்லை" என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறார்கள். கழிமுகத்தில் வண்டல்தான், பாறை இல்லை. கல் இல்லாத ஊரில் நடுகல் எப்படி வரும்? மண்ணியல் காரணத்தைப் பண்பாடாக்கிவிடக் கூடாது. நான் வேளாண் பொருளாதாரம் படித்தவன். நிலத்தைப் பார்க்காமல் கலையைப் பார்ப்பவர்கள் இந்தக் குழியில் விழுவதை அடிக்கடி காண்கிறேன்.

---

மைப்படி எழுதியது:

நிலவளம் சாரின் முதல் கேள்விக்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. மிஞ்சியதுதான் நம் கையில் இருக்கிறது. அதை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவதை ஏற்க முடியாது. கழிமுகத்தில் பாறை இல்லைதான். ஆனால் 1010இல் தஞ்சைப் பெரிய கோயில் கருங்கல்லால் எழும்பி நிற்கிறதே! அந்தக் கல் வெளியிலிருந்து வந்தது. வேண்டும் என்று நினைத்ததற்கு அந்தச் சமூகம் கல்லைக் கொண்டுவந்திருக்கிறது. எதற்குக் கொண்டுவந்தது, எதற்குக் கொண்டுவரவில்லை என்பதில்தான் பண்பாடு இருக்கிறது.

அந்தச் சுவர்களில் என்ன எழுதினார்கள் என்றும் பாருங்கள். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு, ஒருவருக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு நெல் நூறு கலம். அங்கே எல்லாம் நெல்லில் அளக்கப்படுகிறது. செங்கத்துக் கல்லில் நெல்லே கிடையாது. அங்கே தொறு. புறநானூற்றில் 335ஆம் பாட்டு, கல்லைப் பரவுவதைத் தவிர "நெல் உகுத்துப் பரவும் கடவுளும் இலவே" என்கிறது. முல்லை நிலத்துக்காரன் நெல் தூவிக் கும்பிடும் சாமியைத் தெரிந்தே ஒதுக்கி வைக்கிறான். இரண்டு உலகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன, ஒன்றை ஒன்று அறிந்தும் இருக்கின்றன.

சார் சொல்வதில் எனக்கு ஒப்புதல் ஒன்று உண்டு. நிலப்படம் இல்லாமல் நடுகல் ஆய்வு கூடாது. மேய்ச்சல் காடு, ஏரி, பழைய பெருவழி மூன்றையும் குறித்துவிட்டுப் பிறகுதான் கல்லைக் குறிக்க வேண்டும்.

---

ஊத்தங்கரை ராஜா எழுதியது:

நீங்க எல்லாரும் பெரிய ஆளுங்க. நான் குலதெய்வம் கும்பிடறவனா பேசறேன்.

எங்க சாமி வேடியப்பன். கல்லுதான் சாமி. வில்லு வெச்சிருக்காரு, கால்கிட்ட ஏதோ தேய்ஞ்சிருக்கு. எழுத்து இருக்குன்னே எங்க தாத்தாவுக்குத் தெரியாது. வருசா வருசம் எண்ணெய் பூசி, மஞ்சள் வெச்சு, கண்ணுக்கு வெள்ளி ஒட்டி, கெடா வெட்டறோம். எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு வேடியப்பன் இருப்பான், எங்க சித்தப்பா பேரும் அதான். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைன்னு எங்க போனாலும் இந்தப் பேரு உண்டு.

இப்ப நான் கேக்கறது என்னன்னா, செத்தவன் எந்தச் சாதி, எந்த ஊருன்னு எங்களுக்குத் தெரியாது. எங்க வம்சத்து ஆளுன்னும் சொல்லிக்க மாட்டோம். ஊருக்காகச் செத்தான், அவ்வளவுதான். ஆயிரத்து நானூறு வருசமா யாரோ ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எண்ணெய் ஊத்திக்கிட்டே வந்திருக்காங்க. நடுவுல எத்தனை ராசா, எத்தனை பஞ்சம், எத்தனை ஊரு காலியாயிருக்கும்! புது ஆளுங்க குடி வந்து, முன்னாடி இருந்தவன் சாமியை எடுத்துக்கிட்டாங்க. தென்பெண்ணை அவர்களே, சமூகத்தைப் புரிஞ்சுக்கணும்னா நட்டவனை மட்டும் பாக்காதீங்க. கும்பிடறவனையும் பாருங்க. நட்டது ஒரு நாள். கும்பிட்டதுதான் மிச்சம் எல்லா நாளும்.

இன்னொரு வருத்தம். ரோடு அகலப்படுத்தும்போது எங்க பக்கத்துல ரெண்டு கல்லு ஜேசிபியில மாட்டி உடைஞ்சுபோச்சு. எண்ணெய் பூசுன கல்லா இருந்திருந்தா எவனும் தொட்டிருக்க மாட்டான். கும்பிடாம கிடந்ததால போச்சு. சாமி ஆனதாலதான் மத்ததெல்லாம் தப்பிச்சு நிக்குது.

---

மைப்படி எழுதியது:

ராஜா தம்பி, கடைசி வரி நூற்றுக்கு நூறு உண்மை. நான் பார்த்த வரையில் வழிபாட்டில் இருக்கும் கல்தான் அசையாமல் நிற்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். கண்ணுக்கு வெள்ளி ஒட்டுங்கள், பரவாயில்லை. எனாமல் பெயிண்ட் மட்டும் அடிக்க விடாதீர்கள். எழுத்துப் பள்ளத்தில் பெயிண்ட் இறுகிவிட்டால் தாளில் மை ஒற்றிப் படி எடுக்க முடியாது.

---

பேகூர்வாசி எழுதியது:

பெங்களூரில் பேகூர் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் ஊர் நாகேஸ்வரர் கோயிலில் கி.பி. 900 வாக்கில் வெட்டிய ஒரு கல் இருக்கிறது. பெங்களூரில் நடந்த சண்டையில் இறந்தவனுக்கான கல் அது. இந்த நகரத்தின் பெயருக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் அது முதன்மையானது.

ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன். கன்னட நாட்டு வீரகல்லில் பிற்காலத்தில் ஒரு கட்டமைப்பு வந்துவிட்டது. மூன்று அடுக்கு. கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனை இருபுறமும் தாங்கி மேலே கொண்டுபோகிறார்கள், உச்சியில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான், பக்கத்தில் பூசாரி. சூரிய சந்திரரும் உண்டு. கீழே எத்தனை கலவரம் இருந்தாலும் மேலடுக்கு எல்லாக் கல்லிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி.

உளியோசை அண்ணன் சொன்ன செங்கம் கல்லில் சொர்க்கமே இல்லை, கவனித்தீர்களா? வீரன் எங்கேயும் போகவில்லை, அங்கேயே நிற்கிறான். கெண்டித் தண்ணீர் அவனுக்கே வருகிறது. மூன்றடுக்குக் கல்லில் அவன் போய்ச்சேரும் இடம் சிவனடி, அங்கே அவன் கும்பிடுகிறவனாக மாறிவிடுகிறான். இறந்தவனே தெய்வம் என்ற இடத்திலிருந்து, இறந்தவன் தெய்வத்திடம் போகிறான் என்ற இடத்துக்கு நம்பிக்கை நகர்ந்திருக்கிறது. பெருங்கோயிலும் மடமும் ஊருக்குள் எவ்வளவு தூரம் இறங்கின என்பதை அளக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. தமிழகத்தின் எல்லை மாவட்டங்களில் பிற்காலக் கற்கள் சிலவற்றில் இந்த அடுக்கு முறை இருக்கிறது. எந்த ஊர் வரை வந்தது, எங்கே நின்றது என்று நீங்கள் பார்க்கலாம்.

நாய்க்கும் எங்களிடம் கல் உண்டு. மண்டியா மாவட்டம் ஆதகூரில் காளி என்ற வேட்டை நாய் காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் மடிந்தன. 949-50ஆம் ஆண்டுக் கல். தக்கோலப் போர்ச் செய்தியும் அதே கல்லில்தான் இருக்கிறது. சோழ இளவரசன் ராஜாதித்தன் விழுந்த போரும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில்!

---

தென்பெண்ணை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எழுதிக்கொண்டே இருக்கிறேன். எழுத்து, உருவம் என்று இரண்டு பத்தி போடச் சொன்னதை இன்றே தொடங்கிவிட்டேன்.

ஒன்று உறுத்துகிறது. நாய்க்குக் கல் இருக்கிறது. சேவலுக்கும் இருக்கிறது: விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்ட கோழி, செங்கல்பட்டுப் பக்கம் இந்தளூரில் கீழ்ச்சேரிக் கோழி பொற்கொற்றி. ஒரு சேவலின் பெயர்கூட நமக்குத் தெரிகிறது. கருந்தேவக்கத்தியின் தாய் பெயரோ மனைவி பெயரோ தெரியவில்லை. பெண்கள் எங்கே?

---

மல்லிகா டீச்சர் எழுதியது:

கண்ணு, இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார். பிற்காலக் கற்களில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் சின்னதாக நிற்பாள். ஒரு கை உயர்ந்திருக்கும், இன்னொரு கையில் பூவோ குடமோ. உடன்கட்டை ஏறியவள். கன்னட நாட்டு மாஸ்திக்கல்லில் ஒரு தூணிலிருந்து முழங்கையோடு மடங்கிய கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், வளையல் உடையாமல். அந்தக் கைதான் அவள். முகம்கூடக் கிடையாது. நம் பக்கத்தில் தீப்பாய்ந்தம்மன் என்றும் தெற்கே மாலையம்மன் என்றும் கும்பிடுகிறோமே, அதில் எத்தனையோ அம்மன் இப்படி எரிந்த பெண்தான்.

எருமைக்காக ஆண் செத்தால் கல். பெண் அவனுக்காகச் செத்தால்தான் கல். பிரசவத்தில் செத்தவளுக்கு, பஞ்சத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டுப் பட்டினியில் செத்தவளுக்குக் கல் இல்லை. அந்தச் சமூகம் எதைத் தியாகம் என்று எண்ணியது, எதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது இதில் தெரிகிறது. மைப்படி அவர்கள் சொன்ன 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றியும் பெருமையாகவே எல்லோரும் பேசுகிறார்கள். பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது, நூறு கலம் நெல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அவர்கள் சம்மதத்தைக் கேட்டா ஊர் ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள்? சுவர் அதைச் சொல்லாது. பெயர் எழுதப்பட்டதாலேயே மதிக்கப்பட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதே.

நான் பள்ளியில் பாடம் நடத்தியவள். பிள்ளைகளைக் கல்லின் முன் நிறுத்தி "இதில் யார் இல்லை?" என்று கேட்பேன். முதலில் விழிப்பார்கள். பிறகு ஒரு பெண் பிள்ளை, "சமைச்சவங்க இல்ல டீச்சர்" என்பாள். இன்னொருவன், "கல்லைத் தூக்கிட்டு வந்தவங்க இல்ல" என்பான். அப்புறம் நிற்காது. கலையின் வழியாகச் சமூகத்தைப் படிக்க அந்தக் கேள்வி ஒன்று கைவசம் இருந்தால் நெடுந்தூரம் போகலாம்.

---

நிலவளம் எழுதியது:

டீச்சரின் கேள்விதான் நான் கேட்க நினைத்ததும். நான் "மிஞ்சாதவை" என்றேன், அவர் "செதுக்கப்படாதவர்கள்" என்கிறார். இரண்டும் தனித்தனி. முன்னது காலத்தின் வேலை, பின்னது மனிதர்களின் முடிவு. ஆய்வேட்டில் இரண்டையும் கலக்காமல் எழுதினால் நன்றாக இருக்கும்.

கல் நடப் பணமும் அதிகாரமும் உள்ளவன்தான் நட்டான் என்று நினைத்திருந்தேன், அதிலும் கொஞ்சம் தளர்கிறேன். சேலம் அருங்காட்சியகத்தில் கருமந்துறைக் கல் இருக்கிறது. கோவுரிச் சங்கன் எருது விளையாடிப் பட்டான், மகன் பெரியபயல் கல் நட்டான். அரசன் பெயரே இல்லை, ஆட்சியாண்டு இல்லை. அப்பனும் மகனும் எருதும் மட்டும். பல்லவர் காலத்துக் கல்லில் மேலே இத்தனை படி இருந்ததே, இங்கே அத்தனையும் போய்விட்டது. காலம் பிந்தியது என்பதால் மட்டுமா, மலை ஊர் என்பதாலா? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

---

வன்னிமண் எழுதியது:

வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தனான். ராஜா அண்ணை "கும்பிடறவனைப் பாருங்க" எண்டு எழுதினதைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க ஏலேல்ல.

எங்கட சைவ வழக்கில செத்த உடலை எரிக்கிறதுதான். 1990களின்ர தொடக்கத்தில புலிகள் இயக்கம் போராளிகளை விதைக்கிறது எண்டு அடக்கம் செய்யத் தொடங்கினது. துயிலும் இல்லங்களில உடல் கிடைச்சவைக்குக் கல்லறை, உடல் கிடைக்காதவைக்கு நடுகல். பள்ளிப் புத்தகத்தில படிச்ச பழைய வழக்கத்தை ஒரு யுத்தம் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தது. மக்கள் அதை எவ்வளவு கெதியா ஏற்றுக்கொண்டவை எண்டதையும் யோசிக்க வேணும். பிள்ளையின்ர உடல் கிடைக்காத தாய்க்குப் போய் நிக்க ஒரு இடம் வேணும், அதுதான் காரணம். அரசியலைப் பற்றி ஆளாளுக்குக் கருத்து இருக்கும். அதை இங்க கதைக்க வரேல்ல.

யுத்தம் முடிய அந்த இல்லங்களை இடிச்சுப்போட்டினம். 2016இல இருந்து பல இடங்களில சனம் உடைஞ்ச துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைச்சு, நவம்பர் 27இல விளக்கேற்றுகினம். எந்தத் துண்டு யாற்றை எண்டு தெரியாது. தெரியாமலே தங்கட பிள்ளையின்ர எண்டு நினைச்சு நிக்கினம். டீச்சர் கேட்டது போல யார் இல்லை எண்டு பார்த்தால், ஷெல் விழுந்து செத்த சாதாரண சனத்துக்கு அந்தக் கல்லும் இல்லை.

---

மல்லிகா டீச்சர் எழுதியது:

வன்னிமண் தம்பி, நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். உடல் கிடைக்காத தாய்க்கு நிற்க ஓர் இடம் வேண்டும் என்றீர்களே, பழைய கற்களை அந்தக் கண்ணால் நான் பார்த்ததில்லை. மாடு மேய்ந்த காட்டில், ஊரைவிட்டுத் தள்ளி, செத்த இடத்திலேயே கல் நிற்பதும் அதற்காகத்தானோ என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

---

உளியோசை எழுதியது:

நிலவளம் சார் கேட்டதற்கு என் பங்கு. அரசன் பேர் வெட்ட எழுத்துத் தெரிந்த ஆள் வேணும், ஆட்சியாண்டு தெரிந்த ஆள் வேணும். அப்படிப்பட்டவர் எப்போதும் தலைவன் வீட்டோடு இருப்பவர். கருமந்துறைக் கல்லின் பேச்சைக் கேளுங்கள், வீட்டில் பேசுகிற தமிழ். யார் சொல்லி எழுதினார்கள் என்பது அதிலேயே தெரியும்.

இன்னும் பின்னால் போனால், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கற்களில் உருவமே கிடையாது. எழுத்து மட்டும். கூடலூர் ஆகோளில் பட்ட அந்தவன் என்று பேர் இருக்கிறது, முகம் இல்லை. அப்புறம் எப்போது, எதற்காக முகம் வேண்டும் என்று தோன்றியது? பேர் மட்டும் போதாது என்று ஒரு சமூகம் எப்போது முடிவு செய்தது? என்னை மாதிரி ஆளுக்கு இதுதான் தூக்கம் கெடுக்கிற கேள்வி.

---

மைப்படி எழுதியது:

தென்பெண்ணை, களத்துக்குக் கிளம்பும்முன் சில வேலைக் குறிப்புகள்.

எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், மாவு பூசாதீர்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். இல்லாவிட்டால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள், நேரே அடித்தால் எல்லாம் சமதளமாகிவிடும். கெண்டி, சிமிழ் போன்ற மேலோட்டமான புடைப்பெல்லாம் சாய்வெளிச்சத்தில்தான் எழும்பும்.

படி எடுப்பதானால் முதலில் ஊராரிடம் அனுமதி. தேங்காய் நார் போட்டுத் தண்ணீரில் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே போக வேண்டும். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கி, அடியில் காற்று இல்லாமல் பிடித்துக்கொள்ளும். ஈரம் பாதி காய்ந்ததும் மை ஒற்றியை மெல்ல ஒற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒற்றினால் மை ஊறி எழுத்தெல்லாம் அடைபட்டுவிடும். உருவத்துக்கும் சேர்த்தே படி எடுங்கள். எழுத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு வருவதுதான் பழைய பழக்கம், அதை உங்கள் தலைமுறை விட்டுவிட வேண்டும்.

கல் எந்தத் திசையைப் பார்க்கிறது, பக்கத்தில் ஏரி எவ்வளவு தூரம், இப்போது யார் விளக்கு வைக்கிறார்கள், பெண்கள் எதுவரை வரலாம் என்று நான்கையும் ஒவ்வொரு கல்லுக்கும் குறியுங்கள். வீரனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி நிலம் கொடுத்ததாகக் கல் சொன்னால், அந்த நிலத்துக்கு இன்று என்ன பெயர் என்று ஊரில் கேளுங்கள்.

---

ஊத்தங்கரை ராஜா எழுதியது:

எங்க கோயிலுக்கு வாங்க. பூசாரிகிட்ட நான் பேசிடறேன். கெடா வெட்டற அன்னிக்கு வந்தா கூட்டத்துல படி எடுக்க முடியாது, அதுக்கு முந்தின வாரம் வந்து எடுத்துட்டு, திருவிழா அன்னிக்குச் சும்மா வந்து பாருங்க. பொம்பளைங்க எதுவரைக்கும் வரலாம்னு ஐயா கேட்டாரே, எங்க ஊர்ல பொங்கல் வெக்கறது அவங்கதான், ஆனா கல்லுக்கு எண்ணெய் பூசறது ஆம்பளைங்க. ஏன்னு எங்க பெரியம்மாவைக் கேளுங்க, எனக்குத் தெரியாத கதையெல்லாம் அவங்ககிட்ட இருக்கு. கேக்கப்போறதை முன்கூட்டியே எழுதி அனுப்பிடுங்க, நான் படிச்சுக் காட்டி வெக்கறேன்.